சாலை உப்பு சின்னக் காரை எங்கே தின்கிறது?

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் சின்னக் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெயின்ட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பானட் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்துக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. ஆனால் அந்த உப்பால் கார் அழிவது அபூர்வம். வெளிப்பூச்சு அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு மழை வந்தால் அடித்துக்கொண்டும் போகும். காரைத் தின்பது நாம் குனிந்து பார்க்காத இடங்களில் தங்கும் உப்பு. சக்கர வளைவின் உள்மடிப்பில் அடைந்த சேறு, கதவுகளுக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டிச் சட்டத்தின் உட்புறம், பிரேக் குழாயை அடித்தளத்தோடு பிடித்திருக்கும் கிளிப்பின் பின்பக்கம், இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். நேரமும் முக்கியம். எல்லாம் உறைந்து கிடக்கும் கடுங்குளிர் நாளைவிட, பனி இளகிச் சொதசொதவென்று கிடக்கும் நாள் காருக்கு மோசமானது. உப்பு எங்கே தங்குகிறது, எப்போது வேலை செய்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், பெரிதாகக் காசு கொட்டாமலே ஒரு சின்னக் காரைப் பல குளிர்காலங்களுக்கு ஓட்டலாம்.

முதலில் உப்பு சாலைக்கு வந்த கதை. தண்ணீரில் உப்பு கரைந்தால் அதன் உறைநிலை இறங்கும். எடையில் 23 சதவீதம் சாதாரண உப்பு கரைந்த தண்ணீர் −21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. இது ஆய்வுக்கூடக் கணக்கு. சாலையில் −9, −10 டிகிரிக்குக் கீழே போனதும் உப்பு பனியை உருக்கும் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால் கடுங்குளிர்ப் பகுதிகளில் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் சேர்கின்றன. கால்சியம் குளோரைடு சரியான செறிவில் கரைந்தால் −50 டிகிரியை ஒட்டியும் திரவமாகவே நிற்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் சோதனை முறையில் சாலைகளுக்கு உப்பிடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகள் பெருகின. பனி நின்ற சில மணி நேரத்தில் தார் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வளர்ந்தது. இன்று அந்த ஒரு நாட்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பு சாலைக்குப் போகிறது. ஏரிகளுக்கும் நிலத்தடி நீருக்கும் அதனால் வரும் கேடு தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் உப்பிடாத பனிச் சாலையில் உயிர் போகும் ஆபத்து அதிகம். எனவே உப்பு இருக்கத்தான் போகிறது. கார் அதைத் தாங்க வேண்டும்.

கடந்த சில பத்தாண்டுகளில் உப்பிடும் முறையே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பனி விழுந்தபின் கல் உப்பைத் தூவுவார்கள். இப்போது பல இடங்களில் பனி வருவதற்கு முன்பே உப்புக் கரைசலைச் சாலையில் கோடு கோடாகத் தெளித்துவிடுகிறார்கள். பனி தாரோடு ஒட்டிப் பிடிக்காது, உப்பும் குறைவாகச் செலவாகும். சாலைக்கு இது நல்லது. காருக்குத்தான் சிக்கல். கல் உப்பு பெரும்பாலும் தகட்டில் பட்டுத் தெறித்து விழுந்துவிடும். கரைசலோ சக்கரம் கிளப்பும் நுண்துளியாக எழுந்து, நூலிழை இடுக்கிலும் புகுந்து, அங்கேயே படிந்துவிடும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் காய்ந்துவிடும்; காய்ந்த உப்பு அவ்வளவாகக் கெடுக்காது. கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகள் 30, 40 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். பார்வைக்குக் காய்ந்து நிற்கும் காரின் அடிப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே இருக்க இதுதான் காரணம்.

துரு எப்படி வேலை செய்கிறது

இரும்பு துருப்பிடிக்க உப்பு தேவையே இல்லை. தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். இரும்பின் ஓர் இடம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. பக்கத்தில் இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க, இரண்டு இடங்களுக்கும் நடுவே ஈரத்தின் வழியாக அயனிகள் ஓட வேண்டும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, ஆகவே வேலை மெதுவாக நடக்கும். உப்புத் தண்ணீர் நன்றாகக் கடத்தும், வேகம் கூடிவிடும். போதாததற்கு, உலோகத்தின் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் குளோரைடு அயனி அங்கங்கே துளைத்து, அடியிலிருக்கும் புது உலோகத்தை வெளியே காட்டிவிடும். அப்புறம் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். பெயின்ட் கொப்புளித்து எழுவது அதனால்தான். இரண்டு தகடுகள் சேர்த்து வெல்டு செய்த மடிப்பில் துரு வளர ஆரம்பித்தால், தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. காற்று நன்றாகப் படும் இடம்தான் அதிகம் துருப்பிடிக்கும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறாக இருக்கும். ஈரச் சேறு அப்பிக் கிடக்கும் தகட்டில், சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, சேற்றின் ஓரத்தில் அதிகம். ஆக்சிஜன் குறைவான இடம் கரையும் பக்கமாக மாறிவிடுகிறது. ஓரத்துப் பகுதி எலக்ட்ரான் வாங்கும் பக்கமாகிறது. ஆக, சேறு மூடிய இடமே இற்றுப் போகிறது. இடுக்கு, மடிப்பு, கிளிப்பின் அடி, ஒட்டு டேப்பின் அடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வெளியே இருக்கும் தகட்டில் மேலோட்டமான பழுப்பு நிறம் மட்டும் இருக்கும்போது, மறைந்திருக்கும் மடிப்பில் ஓட்டையே விழுந்திருக்கும். சக்கர வளைவுகளைச் சேறில்லாமல் வைத்திருப்பது, மேலே மெழுகு பூசி மினுக்குவதைவிடப் பல மடங்கு பயன் தரும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வெப்பநிலையும் கணக்கில் வருகிறது. வேதிவினைகள் பொதுவாக 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும். −15 டிகிரியில் தெருவில் நிற்கும் காரில் துருவின் வேலை கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கும். அதே காரை உப்புச் சேறோடு கொண்டுவந்து, கதகதப்பான, காற்றோட்டமில்லாத கராஜில் நிறுத்தினால் என்ன ஆகும்? பனி உருகும், உப்பு கரையும், ராத்திரி முழுக்க ஈரமும் சூடும் சேர்ந்து வேலை செய்யும். வீட்டுக்குள் நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்பது எல்லா நாளுக்கும் பொருந்தாது. கழுவிவிட்டு நிறுத்தினாலோ, காற்று ஓடித் தரை காயும் கராஜாக இருந்தாலோ நல்லது. இரண்டும் இல்லையென்றால், துருவைப் பொறுத்தவரை கார் குளிரில் வெளியே நிற்பதே மேல்.

இன்றைய கார்கள் முந்தைய தலைமுறைக் கார்களைவிட மிகவும் நன்றாகத் தாங்குகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970களின் கார்கள் சில குளிர்காலங்களிலேயே ஓட்டை விழுந்து நின்றன. அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று துத்தநாகம் பூசிய தகடு. போர்ஷே 1970களின் நடுவிலேயே 911 காருக்கு இதைக் கொண்டுவந்தது; 1986இல் வந்த அவுடி 80 முழு பாடியும் துத்தநாகம் பூசப்பட்டதாக இருந்தது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். இரண்டாவது, முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் அடிப்பூச்சு. ஸ்பிரே எட்டாத பல மூலைகளுக்கும் அது போகும். ஆனால் துத்தநாகம் கரையக் கரையத் தீர்ந்துபோகிற பொருள். அடிப்பூச்சும் கூர்மையான விளிம்புகளில் மெலிசாகவே நிற்கும். தவிர, இந்த இரண்டும் பாடிக்குத்தான். சஸ்பென்ஷன் கைகள், துணைச் சட்டம், குழாய்கள், போல்ட்டுகள் எல்லாம் வேறு வகைப் பூச்சோடு, பெரும்பாலும் சாதாரண கறுப்பு பெயின்ட்டோடு, அடியில் தொங்குகின்றன.

சின்னக் காருக்கு மட்டும் என்ன வித்தியாசம்

சின்னக் கார் தாழ்வானது. தரைக்கும் அடித்தளத்துக்கும் இடைவெளி குறைவு, சக்கரம் சிறியது, சக்கரத்துக்கும் வளைவுக்கும் நடுவே இடமும் குறைவு. சக்கரம் கிளப்பும் சேறும் உப்பும் நேராக மேலே போய் அப்பிக்கொள்ளும். அடியில் அடர்ந்த பனிக்கட்டி தானாக உதிரவும் வழியிருக்காது. எடையும் விலையும் குறைய வேண்டும் என்பதற்காகப் பல சின்னக் கார்களில் சக்கர வளைவின் பிளாஸ்டிக் உள்ளுறை முன்பக்கம் மட்டுமே முழுசாக இருக்கும். பின்பக்கம் பாதி உறை அல்லது வெறும் தகடு. பின் சக்கர வளைவின் விளிம்பில் துரு முதலில் தலைகாட்டுவது இதனால்தான்.

அடுத்தது நெடுஞ்சாலையில் பின்தொடரும் விஷயம். லாரிக்கும் உப்பிடும் வண்டிக்கும் பின்னால் ஒட்டிப் போகும் தாழ்வான கார், அவை கிளப்பும் உப்புநீரை முழுசாக வாங்கிக்கொள்ளும். சிறு கற்கள் தெறித்து பானட்டின் முன்விளிம்பில் பெயின்ட்டைப் பெயர்க்கும். தள்ளிப் போவது ஓட்டுநருக்கும் பாதுகாப்பு, தகட்டுக்கும் பாதுகாப்பு. பெயர்ந்த இடத்தைக் குளிர்காலத்துக்கு முன்பே சுத்தம் செய்து, துரு இருந்தால் சுரண்டி, பிரைமரும் டச்சப் பெயின்ட்டும் வைத்து மூடிவிட வேண்டும். மேற்பரப்பில் நான் முக்கியமாக நினைப்பது இந்த ஒரு வேலையைத்தான்.

சரி, எந்தெந்தப் பாகம் பழுதானால் எவ்வளவு ஆபத்து? சைலன்சர் இற்றுப்போனால் சத்தம் வரும், மாற்றிவிடலாம். காயில் ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்று, சேறு தங்கும் கிண்ணத்தில் உட்கார்ந்திருப்பதால், துருக்குழி விழுந்து ஒருநாள் படக்கென்று உடையும். அதைவிட முக்கியமானது பிரேக். பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகரும் ஊசிகளில் உப்பு போய்ப் பிடித்துக்கொண்டால் பிரேக் ஒருபக்கமாக இழுக்கும், பேட் ஒருபக்கம் மட்டும் தேயும். ஹேண்ட் பிரேக் கேபிளின் உறைக்குள் தண்ணீர் புகுந்தால் உறைந்து பிடித்துக்கொள்ளும். உறைபனி ராத்திரிகளில் சமதரையில் கியரிலோ பார்க்கிங் நிலையிலோ விட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கைத் தவிர்ப்பவர்கள் இதை நினைத்துத்தான் அப்படிச் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், பிரேக் திரவம் ஓடும் எஃகுக் குழாய்கள். விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் குழாய் கிளிப்புகளின் அடியில்தான் முதலில் அரிக்கும். கிளிப்பைக் கழற்றாமல் அது கண்ணில் படாது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பழைய பிக்கப் வண்டிகள் சிலவற்றின் பிரேக் குழாய்த் துருவை விசாரித்து 2015இல் முடித்தபோது, எல்லா நிறுவனங்களின் பழைய வண்டிகளுக்குமாக ஓர் அறிவுரை வெளியிட்டது. குளிர்காலம் முழுக்க அடிப்பகுதியைக் கழுவுங்கள், வசந்தத்தில் ஒருமுறை முழுமையாகக் கழுவுங்கள், வண்டிக்கு ஏழு வயது ஆகிவிட்டால் குழாய்களைப் பரிசோதியுங்கள் என்பதே அதன் சாரம். சின்னக் காருக்கு இதைவிட நல்ல அட்டவணை எனக்குத் தெரியாது.

கழுவுவது

கழுவும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தினமும் கழுவத் தேவையில்லை. பனிப்பொழிவு முடிந்து, சாலை காய்ந்து, வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலே ஏறும் முதல் நாளே சரியான நாள். துரு வேகம் பிடிக்கப்போவதும் அன்றுதான். கடுங்குளிர் தொடர்ந்தால் காத்திருப்பதில் பெரிய நஷ்டமில்லை. −15 டிகிரியில் கழுவினால் கதவு ரப்பரும் பூட்டும் உறைந்து இன்னொரு தலைவலி. இளகலும் உறைதலும் மாறி மாறி வரும் வாரங்களில், பத்து நாளைக்கு ஒருமுறையாவது அடிப்பகுதிக்குத் தண்ணீர் காட்டினால் நல்லது.

பாடியின் மேல் நுரை போட்டுத் தேய்ப்பது அழகுக்கு. துருவுக்கு எதிராகச் செய்ய வேண்டியது அடியில் தண்ணீர் பாய்ச்சுவது. தானியங்கிக் கழுவும் இடங்களில் அடிப்பகுதிக்கென்று தனியாகத் தண்ணீர் அடிக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் பயன்படுத்திய தண்ணீரையே வடிகட்டித் திரும்ப விடுவார்கள். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கையால் கழுவுவதானால், உயர் அழுத்தக் குழாயைவிடச் சாதாரணக் குழாயில் நிறையத் தண்ணீரை நேரமெடுத்துப் பாய்ச்சுவது எனக்குச் சரியாகப் படுகிறது. ஊறிய சேறுதான் கழன்று வரும். உயர் அழுத்தத்தை மிக அருகில் பிடித்தால் ஒயரிங் இணைப்புகளுக்கும் சக்கர பேரிங் சீல்களுக்கும் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காருக்கு அடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி விட்டாலும் அருமையாக வேலை செய்யும். நான்கு சக்கர வளைவுகளின் உள்விளிம்பில் மட்டும் விரலை விட்டுச் சேற்றை வழித்தெடுக்க வேண்டும். கழுவியபின் கதவு ரப்பர்களைத் துடைத்து, சிலிக்கான் தடவிவிட்டால் ராத்திரி ஒட்டிக்கொள்ளாது. கிளம்பியதும் ஆளில்லாத இடத்தில் சில தடவை பிரேக்கை அழுத்தி ஓட்டினால் டிஸ்க்குகள் காய்ந்துவிடும்.

உப்பை 'முறித்துவிடும்' என்று விற்கப்படும் திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாலை உப்பு அமிலமும் இல்லை, காரமும் இல்லை. முறிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அதைக் கரைத்து வெளியேற்றத்தான் வேண்டும். அந்தத் திரவங்கள் பிசுபிசுப்பைக் கழற்ற உதவலாம். தாராளமாகப் பாயும் தண்ணீருக்கு அவை மாற்றாகாது.

பூச்சு போடலாமா?

போடலாம். ஆனால் எதைப் போடுகிறோம் என்பது முக்கியம். தார் கலந்த, ரப்பர் போன்ற கெட்டிப் பூச்சு புதுத் தகட்டில், சுத்தமான பரப்பில் நன்றாக ஒட்டும். கல் தெறிப்பதையும் தாங்கும். பழைய காரில் அதை அடித்தால் ஆபத்து. சில ஆண்டுகளில் எங்காவது வெடிப்பு விடும், உள்ளே உப்புநீர் புகும், வெளியேற வழியிருக்காது. மேலே கறுப்பாக உறுதியாகத் தெரியும். அடியில் தகடு பொரிந்து உதிரும். ஏற்கெனவே நான்கைந்து குளிர்காலம் கண்ட சின்னக் காருக்கு எண்ணெய், மெழுகு, கம்பளிக் கொழுப்பு வகைப் பூச்சுகளையே நான் சொல்வேன். அவை காய்ந்து இறுகாமல் மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகும், லேசான துருவிலும் ஊறி ஈரத்தை வெளியேற்றும், கீறல் விழுந்தாலும் தாமாகப் பரவி மூடிக்கொள்ளும். குறை என்னவென்றால் தண்ணீரில் மெல்ல மெல்லக் கழுவப்பட்டுப் போகும், ஆகவே ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், உப்பிடத் தொடங்குவதற்கு முன் திரும்ப அடிக்க வேண்டும். சில நாள் சொட்டும், வாடை அடிக்கும்.

அடிப்பதற்கு முன் கார் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். உப்பின் மேல் அடித்தால் உப்பையும் சேர்த்து மூடி வைத்ததாகிவிடும். வெளியே தெரியும் அடித்தளத்தைவிட, நீண்ட மூக்குக் குழாயை விட்டுப் பெட்டிச் சட்டங்களின் உள்ளேயும், கதவுகளின் அடிமடிப்பிலும், டிக்கிக் கதவின் கீழ்விளிம்பிலும் மெழுகை ஏற்றுவதே பலன் தரும். அங்கெல்லாம் தண்ணீர் வடிய விடப்பட்ட சின்னத் துளைகளைப் பூச்சு அடைத்துவிடக் கூடாது. வேலை முடிந்ததும் ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிடுங்கள். அடைபட்ட வடிகால் துளையால் இற்றுப்போன கதவுகள் ஏராளம். பிரேக் டிஸ்க், பேட், சைலன்சர், பெல்ட் ஆகியவற்றின் மேல் பூச்சு படக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரியில் மாட்டினால் கார் முழுக்கத் துருப்பிடிக்காது என்று சொல்லும் மின்னணுக் கருவிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். உலோகத்துக்கு மின்னோட்டம் கொடுத்துத் துருவைத் தடுக்கும் அந்த அறிவியல் பொய்யில்லை. கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் அது வேலை செய்கிறது. அங்கே உலோகம் முழுக்கக் கடல்நீரிலோ ஈர மண்ணிலோ மூழ்கியிருப்பதால், மின்சுற்று முழுமையாகிறது. காரில் ஈரம் இங்கே ஒரு துளி, அங்கே ஒரு பிடி சேறு என்று தனித்தனியாக நிற்கிறது. கருவி அனுப்பும் மின்னோட்டம் அந்தத் துளிகளைப் போய்ச் சேர வழியே இல்லை.

இன்னொரு பக்கம், துரு காருக்கு உள்ளேயிருந்தும் வரும். ஷூவில் ஒட்டிய உப்புப் பனி காலடியில் உருகி, கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் நுரையில் ஊறும். நுரை நனைந்தால் அந்தக் குளிர்காலம் முடியும்வரை காயாது. கண்ணாடி உள்பக்கம் மூடுபனி பிடிக்கும், தரைத்தகடு மேலிருந்து கீழாக அரிக்கும். விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போட்டு, தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வெளியே கொட்டினால் போதும். கார்ப்பெட்டில் ஏற்கெனவே வெள்ளைக்கறை விழுந்திருந்தால், வினிகரும் வெதுவெதுப்பான நீரும் கலந்து ஒற்றி எடுக்கலாம்.

ஓட்டுவது

இளகும் நாள் காருக்கு மோசம் என்று மேலே சொன்னேன். ஓட்டுபவருக்கும் அதே நாள்தான் மோசம். −20 டிகிரியில் பனிக்கட்டி வறண்டு, டயருக்குக் கொஞ்சம் பிடிமானம் கொடுக்கும். 0 டிகிரியை ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலத்தோடு இருக்கும் பனிக்கட்டிதான் மிகவும் வழுக்கும். கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த தாரில் சுமார் 12, 13 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அதே கார் சுமார் 40 மீட்டர் போகும். வழுக்குப் பனிக்கட்டியில் 100 மீட்டரைத் தொடும். பிரேக்கை மிதிப்பதற்கு முன் மூளை எடுத்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. பாலங்கள் மேலும் கீழும் குளிர்வதால் மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். உப்பிட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் வேகம் எடுத்தால், உப்பு சரியாக வேலை செய்யாத −12 டிகிரிக் காலையில் ஏமாற்றிவிடும்.

சின்னக் காருக்கு இங்கே சில சாதகங்கள் உண்டு. அதன் குறுகலான டயர் பனியை வெட்டிக்கொண்டு அடியிலிருக்கும் தரையைத் தொடும்; அகலமான டயர் பனியின் மேலே ஏறிக்கொள்ளப் பார்க்கும். பெரும்பாலும் முன்சக்கர இழுவை, எஞ்சின் எடையும் முன்னால், ஆகவே கிளம்புவது எளிது. ஆனால் டயர் சரியாக இருந்தால்தான் இதெல்லாம். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும்; குளிர்கால டயரின் ரப்பர் இளக்கமாகவே இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துத் தேறியதன் அடையாளம். எம் பிளஸ் எஸ் (M+S, அதாவது சேறும் பனியும்) என்று மட்டும் போட்டிருந்தால் அது டயரின் மேல்வரிகளின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, பனிச் சோதனையில் தேறியதைச் சொல்லவில்லை. செலவு மிச்சம் என்று முன்பக்கம் இரண்டு மட்டும் மாற்றுபவர்கள் உண்டு. எடை குறைந்த சின்னக் காரின் பின்பக்கம், திருப்பத்தில் பிரேக் பிடித்ததும் சுழன்று முன்னால் வந்துவிடும். நான்கையும் மாற்ற வேண்டும். காற்றழுத்தம் 10 டிகிரி குளிருக்குச் சுமார் 0.1 பார் இறங்கும் என்பதால் மாதம் ஒருமுறையாவது பார்க்கவும். டயர் மாற்றும்போதே சக்கரம் போய் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒட்டாமல் காக்கும் கிரீஸை மிக லேசாகத் தடவினால், அலுமினியச் சக்கரம் எஃகு ஹப்போடு உப்பால் இறுகிக்கொள்ளாது. போல்ட் மரைகளில் அது படக் கூடாது.

குறுகிய தூர ஓட்டம் சின்னக் காரின் இன்னொரு பலவீனம். கடைக்கும் வேலைக்கும் என்று சில நிமிடம் மட்டும் ஓடும் எஞ்சின் முழுச் சூடு அடைவதே இல்லை. எரிபொருள் எரிந்து வரும் நீராவி சைலன்சருக்குள் குளிர்ந்து தேங்கி, உள்ளிருந்தே அதை அரிக்கும். பேட்டரியும் செலவழித்ததைத் திரும்பப் பெறாது. −18 டிகிரியில் பேட்டரியின் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதே நேரம் கெட்டியான எண்ணெயை எதிர்த்து எஞ்சினைச் சுழற்ற அதிக பலம் தேவைப்படும். வாரத்தில் ஒருநாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் இரண்டுக்கும் நல்லது. பனியில் புதைந்து நின்றுவிட்டால், எஞ்சினை ஓடவிடும் முன் சைலன்சர் வாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி அகற்றிவிட வேண்டும். தாழ்வான காரில் அது சீக்கிரம் மூடிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமல் உள்ளே வரும்.

வசந்தம் வந்ததும்

ஆண்டில் ஒரே ஒருமுறைதான் முழுமையாகக் கழுவ முடியும் என்றால், அதைக் குளிர்காலம் முடிந்து உப்பிடுவது நின்றதும் செய்யுங்கள். மீதமிருக்கும் உப்பு, ஏறும் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கோடை முழுக்க வேலை செய்யும். சாலையே இரண்டு மூன்று நல்ல மழையில் கழுவப்பட்டபின், காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, உள்ளுறைகளின் பின்னால் அடைந்த இலையையும் சேற்றையும் எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அப்போதே பிரேக் குழாய்களை முழு நீளத்துக்கும் ஒரு விளக்கு வைத்துப் பார்க்கலாம். மேலே பழுப்பு நிறம் மட்டும் என்றால் துடைத்து மெழுகு பூசலாம். செதில் செதிலாக உதிர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள். உப்பு அதை அரிப்பது அரிது. வோல்வோ 1970களிலிருந்தே அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறது.

பழைய சின்னக் கார் வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டிய சோதனையும் இதேதான். பெயின்ட்டின் பளபளப்பை விட்டுவிட்டு, ஜாக்கி வைக்கும் இடங்களைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பின் சக்கர வளைவின் உள்மடிப்பைத் தடவிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியையும், கால்மேட்டுக்கு அடியில் கார்ப்பெட்டின் ஈரத்தையும் பாருங்கள். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்பு அடித்து விற்பனைக்கு நிற்கும் காரென்றால், ஒரு மெக்கானிக்கை வைத்து ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அங்கங்கே தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.